கொந்தளிப்பு வேறு, கேயாஸ் வேறு

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் எங்கள் செங்கோட்டையில் பேச்செல்லாம் காற்றும் தண்ணீரும்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று இறங்கும். கேரளத்தில் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம் இங்கே பூந்தூறலாக விழும். குற்றாலத்தில் தண்ணீர் எப்படி என்று கேட்காமல் யாரும் யாரையும் கடந்து போவதில்லை.

இந்த வருஷம் சாரலுக்கு வந்த அண்ணன் மகள் வேறொரு கேள்வியோடு வந்தாள். இயற்பியல் முதுகலை படிக்கிறாள். அடுத்த பருவத்தில் பாய்மக் கொந்தளிப்பை (டர்புலன்ஸ்) விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று யோசனை. "அத்தை, டர்புலன்ஸும் கேயாஸும் ஒண்ணுதானே? சீனியருங்க அப்படித்தான் சொல்றாங்க. எதையும் கணிக்கவே முடியாதாம், கணக்குப் போட்டும் பிரயோஜனம் இல்லையாம். அப்புறம் எதுக்கு அதை ஒரு பாடமா வச்சிருக்காங்க?"

பொறியியல் கல்லூரியில் பாய்ம இயக்கவியல், அதாவது திரவமும் வாயுவும் ஓடும் விதம் பற்றிய பாடம், நடத்துகிறவள் நான். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் ஒவ்வொரு வருஷமும் வருகிறது. காணொளிகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இரண்டு சொற்களையும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிப் போட்டுப் பேசிப் பேசி, அவை ஒன்றேதான் என்ற நினைப்பு ஊன்றிவிட்டது. கொந்தளிப்பு என்றாலே அதில் கேயாஸ் உண்டு. ஆனால் கேயாஸ் இருக்கும் இடமெல்லாம் கொந்தளிப்பு இல்லை. இரண்டிலுமே விதி உண்டு. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## முதலில் குழாயைத் திறப்போம்

வீட்டில் வலை வைக்காத பழைய குழாய் ஒன்றைத் தேடுங்கள். புதுக் குழாய்களின் வாயில் இருக்கும் வலை காற்றைக் கலந்துவிடும், அதில் இது தெரியாது. குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் குச்சி போல இறங்கும். அது ஓடுகிறதா நிற்கிறதா என்றே சந்தேகம் வரும். இன்னும் திறந்தால் குச்சி நடுங்கும், முறுக்கிக்கொள்ளும், சத்தம் போடும், கண்ணாடித்தன்மை போய்க் கரடுமுரடாகிவிடும். அதே குழாய், அதே தண்ணீர். மாறியது வேகம் மட்டும்தான்.

முதலில் கண்டது சீரோட்டம். தண்ணீர் அடுக்கடுக்காக, பக்கத்து அடுக்கோடு கலக்காமல் நகர்வது. அடுத்துக் கண்டது கொந்தளிப்பு. ஓட்டத்துக்குள் சிறிதும் பெரிதுமாகச் சுழல்கள் பிறந்து, ஒன்றை ஒன்று கிழித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டே ஓடுவது.

பள்ளியில் இவற்றை வரிச்சீர் ஓட்டம், சுழற்சி ஓட்டம் என்று படித்திருப்பீர்கள். இரண்டாவது பெயர் எனக்கு உடன்பாடில்லை. கிணற்றில் மோட்டார் இழுக்கும்போது தண்ணீர் மேல் ஒரு சுழி விழுமே, அது அழகாக, நிலையாக, ஒரே சீராகச் சுற்ற முடியும். சுற்றுகிறது என்பதாலேயே அது கொந்தளிப்பு ஆகாது. ஒரு சுழலுக்குப் பதில் ஆயிரம் அளவுகளில் சுழல்கள் இருந்து, அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

## இழுபறி: ரெனால்ட்ஸ் எண்

ஓட்டம் எப்போது சீராக இருக்கும், எப்போது கொந்தளிக்கும்? இதைக் கயிறு இழுக்கும் போட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிலைமம்: ஓடுகிற தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கப் பார்ப்பது, ஒரு சின்ன நெளிவு விழுந்தால் அதைப் பெரிதாக்குவது. மறுபக்கம் பாகுத்தன்மை: அடுக்குகள் ஒன்றோடொன்று உரசி வேக வித்தியாசத்தைத் தேய்ப்பது, நெளிவு விழுந்தால் அதை அமுக்குவது. விளக்கெண்ணெய்க்கு இது தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு அதிகம்.

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் மெல்லிய சாயக் கோடு ஒன்றை விட்டார். வேகம் குறைவாக இருந்தவரை சாயம் நூல் போல நேராகப் போனது. வேகம் கூடியதும் ஓர் இடத்தில் நூல் உடைந்து குழாய் முழுவதும் நிறம் பரவியது. குழாயின் அகலம், வேகம், திரவத்தின் அடர்த்தி, பாகுத்தன்மை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கத் தேவையில்லை, நான்கையும் சேர்த்த ஒரே எண் போதும் என்று அவர் கண்டுகொண்டார். வேகத்தை அகலத்தாலும் அடர்த்தியாலும் பெருக்கி, பாகுத்தன்மையால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். இழுபறியில் நிலைமத்தின் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று அது சொல்கிறது.

ஒரு சென்டிமீட்டர் அகலக் குழாயில் தண்ணீர் நொடிக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் எண் சுமார் 1,000. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் 2 சென்டிமீட்டர் ஹோஸில் நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 20,000. தென்காசிப் பக்கம் நிற்கிற காற்றாலைகளில் இறக்கைகள் சுற்றும் வட்டம் 100 மீட்டர் அகலம், காற்று நொடிக்கு 10 மீட்டர் என்று வைத்தால் 6 கோடியைத் தாண்டும். அங்கே பாகுத்தன்மைக்குப் பேச்சே இல்லை.

குழாய்க்கு 2,000-ஐத் தாண்டினால் கொந்தளிப்பு என்று பாடத்தில் இருக்கும். அதை ஒரு வரப்பு மாதிரி, இந்தப் பக்கம் சீர் அந்தப் பக்கம் கொந்தளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். குழாயின் வாயை வழவழப்பாக்கி, அதிர்வு இல்லாமல், தண்ணீரை நெடுநேரம் அசையாமல் வைத்துத் திறந்தால் 1,00,000 வரைக்கும்கூடச் சீரோட்டத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த நிலையில் ஓட்டம், யாராவது தட்டிவிட்டால் போதும் என்று காத்துக்கொண்டிருக்கும். அப்படியானால் அந்த 2,000 எதைக் குறிக்கிறது? 2011-இல் வெளியான ஒரு நுட்பமான சோதனை இதற்குத் தெளிவான பதில் தந்தது. குழாய்க்குள் கொந்தளிப்பு முதலில் திட்டுத் திட்டாகத்தான் வரும். ஒவ்வொரு திட்டும் சில சமயம் தானே அடங்கிப்போகும், சில சமயம் இரண்டாகப் பிரியும். சுமார் 2,040-க்குக் கீழே சாவு அதிகம், மேலே பிறப்பு அதிகம். தொற்றுநோய் பரவுவதா அடங்குவதா என்பது போன்ற கணக்குதான் இதுவும்.

இதுவரை பார்த்தது: ஒரே திரவம் வேகத்தையும் அகலத்தையும் பொறுத்துச் சீராகவும் ஓடும், கொந்தளிக்கவும் செய்யும். நிலைமமா பாகுத்தன்மையா என்பதை ரெனால்ட்ஸ் எண் சொல்லும். கேயாஸ் என்ற பேச்சே இன்னும் எழவில்லை.

## கேயாஸுக்குப் புரோட்டா மாவு போதும்

கேயாஸைத் தமிழில் குழப்பக் கோட்பாடு என்றும் ஒழுங்கின்மைக் கோட்பாடு என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே ஆளைத் தவறான பாதையில் கொண்டுபோய் விடுகின்றன. அதனால் கேயாஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கேரள பார்டர் பக்கம் புரோட்டாக் கடைகளில் சாயங்காலம் மாவு பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் மாவை இழுப்பார், மடிப்பார், அமுக்குவார், மறுபடி இழுப்பார். அந்த மாவில் இரண்டு கருஞ்சீரகத்தை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்பிலும் அவற்றின் இடைவெளி இரண்டு மடங்கானால், 10 இழுப்பில் 1,024 மடங்கு. ஒரு மீட்டருக்கும் மேல். ஆனால் மாவு ஒரு முழம்கூட இல்லையே! அதற்குத்தான் மடிப்பு. பிரிந்து போகிற இரண்டும் மாவுக்குள்ளேயேதான் இருந்தாக வேண்டும். ஆகவே பத்தாவது இழுப்புக்குப் பிறகு ஒன்று இந்த மூலையில், மற்றொன்று எங்கேயோ.

கேயாஸ் நடக்கும் விதமே இதுதான். இழுப்பு, அருகருகே தொடங்கியவற்றைப் பிரிக்கிறது. மடிப்பு, அவற்றை ஓர் எல்லைக்குள் வைத்திருக்கிறது. மாஸ்டரின் கை ஒரே மாதிரிதான் இயங்குகிறது, அதில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. விதி துல்லியமானது. ஆனாலும் தொடக்கத்தில் இருந்த கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஒரே வீதத்தில் மடங்கு மடங்காகப் பெருகி, முடிவில் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. கேயாஸ் என்ற சொல்லுக்கு அர்த்தம் அவ்வளவுதான்.

நம்பிக்கை வராவிட்டால் போனில் இருக்கும் கால்குலேட்டரை எடுங்கள். 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண். அதை 1-லிருந்து கழியுங்கள். கழித்து வந்ததை முதல் எண்ணால் பெருக்கி, பிறகு 4-ஆல் பெருக்குங்கள். வருகிற விடையை வைத்து இதையே மறுபடி செய்யுங்கள். 0.3-இல் தொடங்கினால் 0.84, 0.538, 0.994 என்று போகும். 0.301-இல் தொடங்கினால் 0.842, 0.533, 0.996. ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்தாவது தடவையில் 0.088-உம் 0.069-உம். பத்தாவது தடவையில் ஒன்று 0.043, மற்றது 0.620. கழித்தலும் பெருக்கலும் தவிர இதில் வேறெதுவும் இல்லை, ஆனாலும் பத்தே படியில் இரண்டும் அந்நியராகிவிட்டன. (எட்டாவது தசமம் வரை வெட்டாமல் போடுங்கள். நடுவில் சுருக்கினால் அந்தச் சுருக்கலே பெருகிவிடும்.)

எட்வர்ட் லொரென்ஸுக்கு 1961-இல் நேர்ந்தது இதுதான். வானிலையைக் கணிப்பொறியில் ஓட்டிக்கொண்டிருந்தவர், பழைய ஓட்டத்தை நடுவிலிருந்து மறுபடி தொடங்கினார். கணிப்பொறிக்குள் இருந்தது 0.506127. அச்சான தாளில் இருந்ததோ சுருக்கமாக 0.506. அதையே உள்ளே கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு வானிலைகளும் வேறு வேறாகிவிட்டன. 1963-இல் அதை மூன்றே சமன்பாடுகளுக்குச் சுருக்கி வெளியிட்டார்.

பட்டாம்பூச்சி வந்தது 1972-இல் அவர் கொடுத்த ஓர் உரையின் தலைப்பில், அதுவும் கேள்வியாக. இன்று அது "பட்டாம்பூச்சி சிறகடித்தால் புயல் வரும்" என்ற செய்தியாகவே ஆகிவிட்டது. புயலுக்குச் சக்தி கொடுப்பது கடலின் வெப்பம். பட்டாம்பூச்சியால் அதைத் தர முடியாது. அந்தச் சிறகடிப்பு வராத புயலை வரவைக்கும் என்றால், வர இருந்த புயலை அதே அளவுக்குத் தடுக்கவும் செய்யும். லொரென்ஸ் சொன்னது இதுதான்: அவ்வளவு சிறிய விஷயத்தைக்கூட அளக்காமல் விட்டால், வெகுநாள் கழித்து என்ன நடக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

இதையும் தொகுத்துவிடுவோம். கேயாஸ் என்றால் விதி இல்லாமை அல்ல. விதி இருக்கும், ஆனால் தொடக்கத்தில் உள்ள சிறு வித்தியாசம் மடங்கு மடங்காகப் பெருகும். அதற்கு ஓடும் தண்ணீரோ ஆயிரம் சுழலோ தேவையில்லை. மூன்று எண் போதும், ஓர் எண்கூடப் போதும்.

## இரண்டும் ஒட்டிக்கொண்ட கதை

இவ்வளவு வேறான இரண்டும் எப்படி ஒன்றாகிப்போயின? அதற்கு நியாயமான ஒரு காரணம் இருக்கிறது.

ஓட்டம் எப்படிக் கொந்தளிப்பாக மாறுகிறது என்பதற்கு 1944-இல் லெவ் லாண்டாவ் ஒரு விளக்கம் கொடுத்தார். வேகம் கூடக் கூட ஒரு நடுக்கம் வரும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. இப்படி முடிவில்லாமல் நடுக்கங்கள் சேர்ந்துகொண்டே போனால் அதுதான் கொந்தளிப்பு என்றார். எண்ணற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாசிப்பது போல. 1971-இல் டேவிட் ருவெல், ஃபுளோரிஸ் டேக்கன்ஸ் இருவரும் இதை மறுத்தார்கள். எண்ணற்ற நடுக்கம் தேவையில்லை, ஒரு சிலவே சேர்ந்தால் போதும், ஓட்டம் கேயாஸுக்குள் விழுந்துவிடும் என்றார்கள்.

1975-இல் ஜெர்ரி கொல்லப், ஹாரி ஸ்வின்னி இருவரும் அதைச் சோதித்தார்கள். ஓர் உருளைக்குள் இன்னொரு உருளை, இடையில் திரவம், உள்ளே இருப்பதை மட்டும் சுழற்றுவது. 1923-இல் ஜி. ஐ. டெய்லர் ஆராய்ந்த அமைப்பு இது. வேகம் கூடும்போது திரவம் அடுக்கி வைத்த வளையல்களாகப் பிரியும், பிறகு வளையல்கள் அலையும். அதற்கும் மேல் போனபோது, நடுக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகவில்லை. சில படிகளிலேயே கேயாஸ் வந்துவிட்டது.

பெரிய வெற்றிதான். அந்த உற்சாகத்தில் கொந்தளிப்பின் புதிரே அவிழ்ந்துவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் அவிழ்ந்தது வாசல்படிதான், வீடு அல்ல. அடைபட்ட சிறு இடத்தில் ஓட்டம் தடுமாறத் தொடங்கும் கணத்தைக் கேயாஸ் விளக்கியது. பேரருவியின் அடியில், ஆயிரம் அளவுகளில் சுழல்கள் புரளும் முழுக் கொந்தளிப்பு வேறு மிருகம்.

பிசையும் மாவு இதன் மறுபக்கம். மாவின் பாகுத்தன்மை மிக அதிகம், அதில் கொந்தளிப்பு வரவே வராது. ஆனாலும் உள்ளே இருக்கும் சீரகம் கேயாஸில் அலைகிறது. மெதுவான, சீரான ஓட்டத்திலும் துகள்களின் பாதை கேயாஸாக இருக்க முடியும் என்று 1984-இல் ஹசன் ஆரெஃப் காட்டினார். கொந்தளிக்கவே முடியாத கெட்டித் திரவங்களைக் கலக்கும் இயந்திரங்களை வடிவமைக்க இது இன்று உதவுகிறது.

## ஆற்றல் அருவி

அப்படியானால் கேயாஸுக்கு மேல் கொந்தளிப்பில் கூடுதலாக என்ன இருக்கிறது? எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அருவித் தண்ணீர் இறங்கி ஓடும் இடத்தில், பெரிய பாறைக்குப் பின்னால் நின்று பாருங்கள். பாறையின் அகலத்துக்கு ஒரு சுழல் புரளும். அதன் விளிம்பில் கையகலச் சுழல்கள். அவற்றின் மேல் விரலகலம். அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாதவை. ஆற்றல் பெரிய சுழலுக்குத்தான் முதலில் வருகிறது. அது உடைந்து சின்னவற்றுக்குக் கொடுக்கிறது, சின்னவை இன்னும் சின்னவற்றுக்கு. படிப்படியாக இறங்கும் இந்த வரிசைக்கு ஆற்றல் அருவி என்று பெயர். குற்றாலத்துக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டாம்! இந்தப் படத்தை 1922-இல் வானிலைக் கணிப்பு பற்றி எழுதும்போது வரைந்து காட்டியவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்.

சுழல் எப்படிச் சிறிதாகிறது? சுழலும் நாற்காலியில் கையை விரித்துச் சுற்றும் பிள்ளை, கையை மடக்கினால் வேகமாகச் சுற்றும். தண்ணீருக்குள் கயிறு போல நீண்டிருக்கும் ஒரு சுழலைப் பக்கத்துச் சுழல்கள் பிடித்து இழுத்தால், அது நீளும், ஒல்லியாகும், ஒல்லியானதால் வேகம் கூடும். இழுபட்டும் முறுக்குண்டும் மடிந்தும் சுழல்கள் நுணுகிக்கொண்டே போகின்றன. புரோட்டா மாவின் இழுப்பும் மடிப்பும் இங்கே மறுபடி வந்துவிட்டதைக் கவனியுங்கள். கொந்தளிப்புக்குள் கேயாஸ் குடியிருப்பது இப்படித்தான்.

இந்த இறக்கத்துக்கு ஓர் அடி உண்டு. சுழல் நுணுகும்போது அதன் ரெனால்ட்ஸ் எண்ணும் குறைகிறது. ஒரு கட்டத்தில் இழுபறியில் பாகுத்தன்மை ஜெயித்து, சுழலைத் தேய்த்து வெப்பமாக்கிவிடும். அந்தக் கடைசிச் சுழலின் அளவை 1941-இல் ஆந்த்ரேய் கொல்மகோரவ் கணக்கிட்டார். ஒரு மீட்டர் பாறையைத் தாண்டி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீருக்கு அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. மேலே ஒரு மீட்டர், கீழே அது. நடுவில் எல்லா அளவிலும் சுழல்கள், ஒரே நேரத்தில். விழுகிற தண்ணீரின் ஆற்றலெல்லாம் கடைசியில் போவது அங்கேதான்: 100 மீட்டர் விழுந்தால் தண்ணீர் சுமார் கால் டிகிரி சூடாகும். குளிர்ந்த காற்றும் தூவானமும் அந்தக் கால் டிகிரியை நாம் உணரவிடாது.

கொல்மகோரவ் இன்னொன்றும் சொன்னார். நடுவில் இருக்கும் அளவுகளில், எந்தச் சுழலுக்கு எவ்வளவு ஆற்றல் என்ற பங்கீடு, ஆறு, காற்று, குழாய் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்று. 1962-இல் கனடாவின் மேற்குக் கரையில், கடல் வேகமாகப் பாயும் ஒரு நீரிணையில் அளந்தபோது அது அழகாகப் பொருந்தியது. விதியே இல்லாத கூத்து என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். தனி ஒரு சுழல் எங்கே போகும் என்று தெரியாது. ஆனால் சுழல்களின் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

கலக்குவதும் இதே சுழல்கள்தான். டம்ளரின் அடியில் சர்க்கரையைப் போட்டு, துளிகூட அசையாத தேநீரில் அது தானே பரவட்டும் என்று விட்டால் வாரக்கணக்கில் ஆகும். மூலக்கூறுகள் அவ்வளவு மெதுவாக நடக்கும். டீக்கடை மாஸ்டர் இரண்டு ஆற்று ஆற்றினால் முடிந்தது. ஆனால் கொந்தளிப்பு இலவசமாக வேலை செய்வதில்லை. குழாயில் சீரோட்டம் என்றால் இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டுமானால் இரண்டு மடங்கு அழுத்தம் போதும். கொந்தளித்தால் மூன்று மடங்குக்கும் மேல் தேவைப்படும், மின்கட்டணத்தில் அது தெரியும்.

இந்தப் பகுதியின் சாரம்: கொந்தளிப்பில் கேயாஸ் இருக்கிறது. அதோடு, ஒரே நேரத்தில் பல அளவுச் சுழல்கள், பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கும் ஆற்றல், வேகமான கலப்பு, வெப்பமாகத் தேய்வது ஆகியவையும் சேர்ந்தால்தான் அது கொந்தளிப்பு.

## சமன்பாடு இருக்கிறதே, பிறகென்ன?

இருக்கிறது. நியூட்டனின் இரண்டாம் விதியைப் பாய்மத்துக்கு எழுதினால் வருவது நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு. 1822-இல் நேவியரும் 1845-இல் ஸ்டோக்ஸும் எழுதியது. அருவிக்கும் காற்றுக்கும் அதே சமன்பாடுதான். சிக்கல் அதில் உள்ள ஒரு உறுப்பில் இருக்கிறது. தண்ணீர் தன் வேகத்தையே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வேகம் வேகத்தோடு பெருக்கப்படுகிறது. அதனால் இரண்டு விடைகளைக் கூட்டினால் மூன்றாவது விடை கிடைக்காது. இப்படிப்பட்டதை நேரியல்பற்றது என்பார்கள். முப்பரிமாணத்தில் இதன் விடை எப்போதும் ஒழுங்காகவே இருக்குமா என்பதற்கே இன்னும் நிரூபணம் இல்லை. நிரூபித்தாலும் இல்லை என்று காட்டினாலும் 10 லட்சம் டாலர் தருவதாக 2000-இல் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. பரிசு அப்படியே இருக்கிறது.

கணிப்பொறியில் போட்டுவிடலாமே என்றால், கடைசிச் சுழல்வரை பிடிக்க எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று பாருங்கள். ரெனால்ட்ஸ் எண் 10,000 என்றால் சுமார் 100 கோடி. அந்தப் பாறை ஓட்டம்போல 10 லட்சம் என்றால் சுமார் 30 லட்சம் கோடி. அதையும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை புதுப்பிக்க வேண்டும். ஆகவே பொறியாளர்கள் சராசரியைத் தேடுகிறார்கள். 1895-இல் ரெனால்ட்ஸே தொடங்கி வைத்த வழி அது. ஆனால் சமன்பாட்டின் சராசரியை எடுத்தால் புதிதாக ஒரு தெரியாத அளவு முளைக்கிறது. அதற்கு ஒரு சமன்பாடு எழுதினால் இன்னும் பல முளைக்கின்றன. கடனை அடைக்கக் கடன் வாங்குவது போல. எங்கோ ஓர் இடத்தில் நிறுத்தி, சோதனையைப் பார்த்து ஒரு கணித மாதிரியைப் பொருத்துகிறார்கள். விமானமும் காற்றாலையும் பெரும்பாலும் அந்த மாதிரிகளை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரொத்தம் நரசிம்மா (1933–2020). சீரோட்டம் கொந்தளிப்பாக மாறுவதை மட்டுமல்ல, கொந்தளித்த ஓட்டம் மறுபடி சீராவதையும் அவர் ஆராய்ந்தார். அப்படியும் நடக்கும் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். ஓட்டத்தைக் கடுமையாக முடுக்கினால் சுழல்கள் அடங்கிவிடுவது உண்டு.

## எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கலாம்?

அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இங்கே இருக்கிறது. கேயாஸுக்கும் கொந்தளிப்புக்கும் உள்ள வித்தியாசம் மிகக் கூர்மையாகத் தெரிவதும் இங்கேதான்.

சாதாரணக் கேயாஸில், தொடக்கத்தைப் பத்து மடங்கு துல்லியமாக அளந்தால் கணிப்பு இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மறுபடி பத்து மடங்கு கூட்டினால் மறுபடி அதே அளவு நேரம் கிடைக்கும். உழைத்தால் கூலி உண்டு, முடிவில்லாமல்.

கொந்தளிப்பில் அப்படி இல்லை என்று 1969-இல் லொரென்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். சின்னச் சுழலுக்கு ஆயுள் குறைவு. கொல்மகோரவின் கணக்குப்படி, சுழலின் அகலம் பாதியானால் அது புரளும் நேரம் 0.63 மடங்காகிறது. நுண்ணிய சுழலில் அளக்காமல் விட்ட பிழை, அது ஒருமுறை புரளும் நேரத்தில் அடுத்த பெரிய சுழலுக்குத் தொற்றிக்கொள்ளும். ஆகவே பெரிய சுழல் ஒருமுறை புரளும் நேரத்தை 1 என்று வைத்தால், இரண்டு மடங்கு நுணுக்கமாக அளந்தால் கூடுதலாகக் கிடைக்கும் நேரம் 0.63. அடுத்த தடவை 0.40. அடுத்தது 0.25. 1, 0.63, 0.40, 0.25 என்று கூட்டிக்கொண்டே போங்கள். எவ்வளவு கூட்டினாலும் சுமார் 2.7-ஐத் தாண்டாது! எத்தனை கருவிகள் வைத்தாலும் பெரிய சுழல் சுமார் மூன்று தடவை புரளும் நேரத்துக்கு மேல் பார்க்க முடியாது. உண்மையான காற்று மண்டலம் இவ்வளவு எளிமையானது அல்ல. ஆனாலும் அன்றாட வானிலைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் எல்லை என்று சொல்வதற்குப் பின்னால் இந்த யோசனை இருக்கிறது.

இந்த எல்லை குறிப்பிட்ட ஒரு நாளின், ஓர் இடத்தின் நிலைக்குத்தான். சராசரிக்கு அல்ல. கணவாய்க் காற்றின் அடுத்த வீச்சு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆனியிலும் ஆடியிலும் அது பலமாக வீசும் என்பதை நம்பித்தானே அத்தனை காற்றாலைகளையும் நட்டிருக்கிறார்கள்! வீச்சு சராசரியிலிருந்து எவ்வளவு விலகும், இறக்கை எத்தனை உதறலைத் தாங்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டுத்தான் செய்கிறார்கள். அந்தக் கணக்குகள்தான் பாடம்.

## பாடத்தை எடுக்கிறவர்களுக்கு

பல இடங்களில் கேயாஸ் இயற்பியல் அல்லது கணிதத் துறையில் இருக்கும், கொந்தளிப்பு இயந்திரவியல் அல்லது வானூர்திப் பொறியியல் துறையில் இருக்கும். இரண்டு கட்டடத்துக்கும் நடந்து இரண்டையும் படியுங்கள். முதலில் சாதாரணப் பாய்ம இயக்கவியல், அப்புறம் ஓட்டங்களின் நிலைப்புத்தன்மை, அதன் பிறகு கொந்தளிப்பு என்ற வரிசையில் போனால் மூச்சுத் திணறாது. புள்ளியியலில் கை பழகியிருக்க வேண்டும். கொந்தளிப்பைப் பற்றிச் சொல்லக் கூடியதில் பெரும்பகுதி சராசரியும் விலகலும்தான்.

அவளிடம் ஒரு வேலையும் கொடுத்தேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி ஒன்றை ஏற்றி, புகையைப் போனில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுக்கச் சொன்னேன். நேராக ஏறும் புகை எந்த உயரத்தில் முதலில் நெளிகிறது, எந்த உயரத்தில் உடைகிறது என்று பத்து தடவை குறிக்க வேண்டும். அன்று ராத்திரியே குறித்துக்கொண்டு வந்தாள். பத்து எண்ணும் பத்து விதம். "சராசரியை எடுத்தியா?" என்றேன். "எடுத்தேன் அத்தை. நாளைக்கும் எடுத்து, இதே சராசரி வருதான்னு பார்க்கணும்" என்றாள்.